கைபேசி நம்முடையது, அனுமதி யாருடையது?

2023 ஜனவரியில், சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் தொழில்நுட்ப அறக்கட்டளையின் ஆதரவில் வளர்ந்த ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற நிறுவனம் 'பாரோஸ்' என்னும் கைபேசி இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. அடுத்த சில நாள்களில் மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் அதைச் சோதித்துப் பார்த்தனர். தமிழ்நாட்டில் உருவான இயங்குதளம் ஒன்று இவ்வாறு நாடு முழுவதும் பேசப்பட்டது பெருமைக்குரிய நிகழ்வு.

பாரோஸ் மூன்று கோட்பாடுகளை முன்வைத்தது. முதலாவது, கைபேசியை வாங்கும்போதே திணிக்கப்படும் செயலி எதுவும் அதில் இராது. இரண்டாவது, நம்பகமானவை என்று சரிபார்க்கப்பட்ட தனியார் செயலிக் கிடங்குகளிலிருந்தே செயலிகள் வரும். மூன்றாவது, பாதுகாப்புத் திருத்தங்கள் பயனர் தேடிச் செல்லாமல் தாமாகவே வந்து சேரும். கமுக்கமான தகவல்களைக் கையாளும் நிறுவனங்களுக்காகவே இது முதலில் வழங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. பொதுச் சந்தையை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட அறிவிப்பு அன்று அது.

ஆயினும் அச்செய்தியைப் படித்த பொதுமக்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'அதில் வாட்ஸ்ஆப் வருமா? யூபிஐ வேலை செய்யுமா?' பாமரத்தனமான கேள்வியாகச் சிலருக்கு இது தோன்றியிருக்கலாம். பொருளியல் மாணவனாகிய எனக்கு, இத்துறையின் மிக ஆழமான கேள்வியே இதுதான் என்று படுகிறது. ஓர் இயங்குதளம் எவ்வளவு பாதுகாப்பானது என்பதை வல்லுநர்கள் சொல்லலாம். அது வாழுமா, வீழுமா என்பதைத் தீர்மானிப்பது தேநீர்க் கடையில் பதினைந்து ரூபாய் செலுத்த அது உதவுமா என்பதுதான்.

பணி ஓய்வுக்குப் பின் அடி அண்ணாமலையில் வசித்துவரும் நான், தனியுரிமையை முதன்மையாகக் கொண்ட இயங்குதளம் ஒன்றை ஓராண்டுக்கு மேலாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பட்டறிவையும், இத்துறை குறித்து வாசித்தறிந்தவற்றையும் சேர்த்து, எந்தச் செயலி இயங்கும், எது மறுக்கும், ஏன் மறுக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு அடுக்குகள்

ஆண்ட்ராய்டு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. கூகுள் நிறுவனம் 2005-இல் ஆண்ட்ராய்டை வாங்கியது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு கைபேசி சந்தைக்கு வந்தது. அடித்தளமான முதல் அடுக்கின் மூல நிரல் திறந்தவெளியில் கிடக்கிறது. எவரும் அதை எடுக்கலாம், திருத்தலாம், தம் பெயரில் வெளியிடலாம். பாரோஸும் அந்த அடித்தளத்தின்மீது எழுந்ததே.

இரண்டாம் அடுக்கு 'கூகுள் பிளே சேவைகள்'. இது திறந்த நிரல் அன்று, கூகுளின் தனியுடைமை. செயலிகளுக்கு அறிவிப்புகளைக் கொண்டுசேர்ப்பது, இருப்பிடத்தை விரைவாகக் கணிப்பது, நிலப்படத்தைக் காட்டுவது, கட்டணம் பெறுவது, கைபேசி நம்பத்தக்கதா என்று சான்றளிப்பது ஆகியவை இந்த அடுக்கின் பணிகள். சாலை பொதுவுடைமை, ஆனால், அச்சாலையின் விளக்கும் வழிகாட்டிப் பலகையும் குடிநீர்க் குழாயும் ஒருவருக்கே சொந்தம் என்றால் எப்படியிருக்கும்? ஆண்ட்ராய்டின் நிலை அதுதான்.

பெரும்பாலான செயலிகள் இந்த இரண்டாம் அடுக்கு இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்படுகின்றன. அதே அடுக்குதான் பயனரைப் பற்றிய தகவல்கள் கூகுளைச் சென்றடையும் முதன்மை வாய்க்காலும்கூட. எனவே, தனியுரிமையை நாடுவோர் அந்த வாய்க்காலை அடைக்க முற்படுகின்றனர். அடைத்தவுடன் செயலிகள் தடுமாறுகின்றன. பொருந்தாமைச் சிக்கலின் வேர் இதுதான்.

இதை எதிர்கொள்ள மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதல் வழி, இரண்டாம் அடுக்கை முற்றிலும் நீக்கிவிடுவது. 2010 முதல் இயங்கிவரும் எஃப்-டிராய்டு போன்ற கட்டற்ற மென்பொருள் கிடங்குகளிலிருந்து மட்டுமே செயலிகளைப் பெறுவோர் இவ்வழியினர். தூய்மை அதிகம், வசதி குறைவு.

இரண்டாவது வழி, மாற்றுப் பொருளை வைப்பது. 'மைக்ரோஜி' என்னும் கட்டற்ற மென்பொருள், கூகுள் சேவைகளின் இடத்தில் அமர்ந்து, செயலிகளின் கேள்விகளுக்குத் தானே விடையளிக்கிறது. மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய பிரெஞ்சு நிரலாளர் கேல் டுவால் தொடங்கிய '/இ/ஓஎஸ்' இந்த வழியில் செல்கிறது.

மூன்றாவது வழி, கூண்டில் அடைப்பது. 'கிராஃபீன் ஓஎஸ்' இதைக் கையாள்கிறது. பிற கைபேசிகளில் கூகுள் சேவைகள் வீட்டு உரிமையாளரைப் போல எல்லா அறைகளிலும் நுழையும். இதிலோ, அவை ஏனைய செயலிகளைப் போலவே ஒரு குடித்தனக்காரர் மட்டுமே. வேண்டுமானால் நிறுவிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். தொடர்புப் பட்டியலையோ இருப்பிடத்தையோ நாம் அனுமதித்தால்தான் அவை பார்க்க முடியும். பொருந்துதல் என்ற அளவுகோலில் இம்மூன்றில் முன்னிற்பது இந்த வழியே. இதில் ஒரு முரண்நகையும் உண்டு. பல ஆண்டுகளாக இது கூகுளின் சொந்தத் தயாரிப்பான பிக்சல் கைபேசிகளையே ஆதரித்து வந்திருக்கிறது. வன்பொருள் பாதுகாப்பு அவற்றில்தான் தேவையான தரத்தில் இருக்கிறது என்பது அதை உருவாக்கியோர் கூறும் காரணம். கூகுளின் பார்வையிலிருந்து விலக விரும்புபவர் முதலில் கூகுளிடம் கைபேசி வாங்க வேண்டியிருக்கிறது.

எவை இயங்கும்?

அன்றாடத் தேவைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பேச்சும் செய்தியும் முதலில். சிக்னல் செயலி கூகுள் சேவைகள் இல்லாமலே இயங்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. வாட்ஸ்ஆப்பும் இயங்கும், ஆனால், கூகுள் சேவைகள் அறவே இல்லாத கைபேசியில் அறிவிப்புகள் தாமதமாகலாம், மின்கலமும் விரைவில் தீரலாம். கூண்டுமுறையில் இக்குறையும் பெரிதாக இல்லை.

வாட்ஸ்ஆப் நம் தொடர்புப் பட்டியல் முழுவதையும் கேட்கும். கிராஃபீன் ஓஎஸ்ஸில், நாம் தெரிவு செய்த சிலரை மட்டும் காட்டி, 'பட்டியல் இவ்வளவுதான்' என்று செயலியை நம்பவைக்கும் வசதி இருக்கிறது. கோப்புகளுக்கும் அவ்வாறே. தகவல் தராவிட்டால் இயங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் செயலிகளைச் சமாளிக்க இதைவிட நயமான வழியை நான் கண்டதில்லை.

அடுத்து நிலப்படம். கூகுள் மேப்ஸ் கூண்டுக்குள்ளும் இயங்குகிறது. அது வேண்டாதோர்க்கு, தன்னார்வலர்கள் தொகுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மஅண்ட் போன்றவை இருக்கின்றன. முன்பே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியும் வழிகாட்டும். பௌர்ணமி நாளில் கிரிவலப் பாதை நெடுகிலும் மனிதத் தலைகளாய் நிறைந்து, அலைபேசி இணைப்பு திணறும் வேளையில் இதன் அருமை புரியும்.

தமிழில் தட்டச்சு செய்வதற்கு, கட்டற்ற மென்பொருளான இண்டிக் கீபோர்டு போதுமானது. கூகுளின் விசைப்பலகையே வேண்டுமென்றால், அதற்கு இணைய அனுமதியை மட்டும் மறுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். நாம் தட்டும் எழுத்தை அது நேரடியாக இணையத்துக்கு அனுப்ப முடியாது. செய்தித்தாள், வானொலி, புகைப்படம், மின்னூல், மின்னஞ்சல் ஆகியவற்றில் இடர்ப்பாடு ஏதுமில்லை. ரயில், பேருந்து முன்பதிவுக்கும் மின்கட்டணத்துக்கும் இணையதளங்கள் இருப்பதால், உலவியே போதும்.

சில செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொள்ளும். இதற்குப் பெரும்பாலும் அச்செயலியிலுள்ள நிரல் பிழையே காரணம். நினைவகத்தைக் கையாள்வதில் வழக்கமான கைபேசி கண்டும் காணாமல் விடும் பிழைகளை, இறுக்கமான பாதுகாப்புள்ள இயங்குதளம் பொறுப்பதில்லை. அந்தச் செயலிக்கு மட்டும் கெடுபிடியைத் தளர்த்தும் அமைப்பு உண்டு. அதைப் பயன்படுத்தினால் பல செயலிகள் இயங்கிவிடும்.

ஆக, பத்துச் செயலிகளில் எட்டு ஒன்பது இயங்குகின்றன என்பதே என் பட்டறிவு. சிக்கல் எஞ்சிய ஒன்றிரண்டில்தான் இருக்கிறது. அவையோ பெரும்பாலும் பணம் சார்ந்தவை.

வங்கிச் செயலி ஏன் மறுக்கிறது?

என் ஓய்வூதியம் வந்துசேரும் வங்கியின் செயலியை இக்கைபேசியில் நிறுவியபோது, 'இச்சாதனம் பாதுகாப்பற்றது' என்ற ஒற்றை வரியோடு அது மூடிக்கொண்டது. யூபிஐ செயலிகளுள் ஒன்று இயங்கியது, மற்றொன்று மறுத்தது. கிளை மேலாளரிடம் கேட்டேன். 'எங்களால் எதுவும் செய்ய முடியாது சார், தலைமை அலுவலகத்தில் முடிவு செய்வது' என்றார் அவர். அவர் சொன்னது உண்மை. ஆனால், அம்முடிவு தலைமை அலுவலகத்திலும் முழுமையாக எடுக்கப்படுவதில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

செயலிகள் தாம் இயங்கும் கைபேசியின் நம்பகத்தன்மையைக் கூகுளிடம் கேட்டறியும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. முன்பு 'சேஃப்டிநெட்' என்றிருந்த அது, இப்போது 'பிளே இன்டெக்ரிட்டி' எனப்படுகிறது. அது மூன்று படிநிலைகளில் விடை தரும்: அடிப்படை நிலை, சாதன நிலை, வலுவான நிலை. கூகுளின் சான்று பெற்ற கைபேசியும் இயங்குதளமும் இருந்தால் மட்டுமே இரண்டாம் நிலை கிட்டும். மாற்று இயங்குதளங்கள் முதல் நிலையோடு நின்றுவிடும். இரண்டாம் நிலையைக் கட்டாயமாக்கும் செயலி, மாற்று இயங்குதளத்தில் திறவாது.

வங்கிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது அறமன்று. தொலைவிலிருந்து கைபேசித் திரையைக் காணும் செயலிகளை நிறுவச் செய்து, முதியோரின் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடிகள் குறித்து ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. மூன்றாம் நபரின் ஊடுருவலால் பணம் போனால், வாடிக்கையாளர் மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்துவிட்டால் அவருக்கு இழப்பில்லை என்று 2017 ஜூலையில் அது விதித்தது. இழப்பின் சுமையைத் தாங்குபவர், வாயிலில் காவலரை நிறுத்துவது இயல்பே. 2021 பிப்ரவரியில் வெளியான டிஜிட்டல் பணப்பரிமாற்றப் பாதுகாப்பு வழிகாட்டுதலும், குறைந்தபட்சத் தகுதிகளை நிறைவுசெய்யும் சாதனத்தில் மட்டுமே செயலி இயங்கவேண்டும் என்கிறது. பூட்டுடைக்கப்பட்ட கைபேசியில் எவர் வேண்டுமானாலும் கைவைக்க முடியும் என்ற அச்சமும் பொய்யன்று.

ஆனால், அந்த வழிகாட்டுதல் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் சான்றைத்தான் ஏற்கவேண்டும் என்று கூறவில்லை. சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. கூகுளின் சான்று, ஒரு கைபேசி பாதுகாப்பானதா என்பதைவிட, அது கூகுளின் உடன்படிக்கைக்குள் இருக்கிறதா என்பதையே முதன்மையாகச் சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தம் பெறாத பழைய கைபேசி, சான்று பெற்றது என்பதனால் இரண்டாம் நிலைத் தேர்வில் தேறிவிட முடியும். அண்மைத் திருத்தங்கள் அனைத்தும் பெற்று, பூட்டும் மீண்டும் இடப்பட்ட மாற்று இயங்குதளம் அத்தேர்வில் தோற்கும். மாணவரின் அறிவை அளக்காமல், அவர் எந்தப் பள்ளியின் சீருடை அணிந்திருக்கிறார் என்று பார்த்து மதிப்பெண் இடுவதற்கு இது ஒப்பாகும்.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. கைபேசியின் பாதுகாப்புச் சில்லே, 'என்மீது இயங்குவது இன்ன இயங்குதளம். அது திருத்தப்படவில்லை' என்று கையொப்பமிட்டுச் சொல்லும் வன்பொருள் சான்றுமுறை ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. எந்தெந்த இயங்குதளங்களின் கையொப்பத்தை ஏற்பது என்பதை வங்கியே முடிவு செய்யலாம். பாரோஸையும் கிராஃபீனையும் ஆய்ந்து, தகுதியானால் பட்டியலில் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். ஆயிரத்தில் ஒருவருக்காக எந்த வங்கி மெனக்கெடும்? இக்கேள்வி நம்மைப் பொருளியலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

சந்தை சொல்லும் பாடம்

ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் பெருகப் பெருக, அப்பொருளின் மதிப்பும் பெருகுவதை வலைப்பின்னல் விளைவு என்கிறோம். இயங்குதளம் இருபக்கச் சந்தை. ஒருபுறம் பயனர், மறுபுறம் செயலி உருவாக்குநர். பயனர் இல்லாத இடத்துக்குச் செயலி வராது. செயலி இல்லாத இடத்துக்குப் பயனர் வரமாட்டார். 2014-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜான் திரோல், இத்தகைய சந்தைகளை ஆராய்ந்தோரில் முன்னோடி. இங்குச் சிறந்த பொருள் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. முந்தி வந்த பொருள் நிலைபெறும் என்பதே பொது விதி.

இதற்கு இந்தியச் சந்தையே சான்று. 2014 ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் இயங்குதளத்தோடு இன்டெக்ஸ் நிறுவனம் 1,999 ரூபாய்க்குத் திறன்பேசி விற்றது. விலை மலிவு, நோக்கமும் நல்லது. ஆனால், வாட்ஸ்ஆப் இல்லை. அடுத்த ஆண்டின் இறுதியிலேயே மொசில்லா அக்கைபேசித் திட்டத்தைக் கைவிட்டது. அதே நிரலின் வழித்தோன்றலான கைஓஎஸ், 2017-இல் ஜியோபோனில் வந்தது. பல லட்சம் பயனர்கள் திரண்ட பின், 2018 செப்டம்பரில் வாட்ஸ்ஆப் தானே அங்கு வந்து சேர்ந்தது. தொழில்நுட்பத்தில் உடன்பிறப்புகளான இரண்டில் ஒன்று வீழ்ந்து மற்றொன்று நிலைத்ததற்கு வேறுபாடு பயனர் எண்ணிக்கையே.

மைக்ரோசாஃப்ட் போன்ற பெருநிறுவனத்தின் விண்டோஸ் கைபேசியும் செயலிப் பற்றாக்குறையால்தான் மறைந்தது. மறுபுறம், 2019-இல் அமெரிக்கத் தடையால் கூகுள் சேவைகளை இழந்த ஹுவாவே, சீனாவின் பெருஞ்சந்தையைத் தளமாகக் கொண்டு தனி இயங்குதளத்தையே வளர்த்துக்கொண்டது. ஆனால், சீனாவுக்கு வெளியே அதன் விற்பனை சரிந்தது. பின்னால் ஒரு பெருஞ்சந்தையோ அரசோ இல்லாத மாற்று இயங்குதளம் தானாக வளர்வது அரிது.

இந்தச் சமநிலைக் குலைவு இயற்கையாக மட்டும் விளைந்ததன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களில் கைபேசி செய்யக் கூடாது என்று உற்பத்தியாளர்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகளை அது கண்டித்தது. அத்துடன், நம் பேசுபொருளை நேராகத் தொடும் ஆணை ஒன்றையும் பிறப்பித்தது: பிளே சேவைகளின் இணைப்பு வசதிகளைப் போட்டியாளருக்குக் கேடாக மறுக்கக் கூடாது; அப்போதுதான் செயலி உருவாக்குநர்கள் தம் செயலிகளை மாற்று ஆண்ட்ராய்டுகளுக்கு எளிதில் கொண்டுசெல்ல முடியும் என்பது அதன் சாரம்.

தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச் 29 அன்று தண்டத்தை உறுதி செய்தது. ஆனால், நான்கு ஆணைகளை நீக்கிவிட்டது. நீக்கப்பட்டவற்றுள் மேற்சொன்ன ஆணையும் ஒன்று. வழக்கு பின்னர் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. பாரோஸ் அறிமுகமான சில வாரங்களிலேயே, அது போன்ற இயங்குதளங்களில் செயலிகள் பொருந்துவதற்கு உதவியிருக்கக்கூடிய ஓர் ஆணை இவ்வாறு நீங்கியதைப் பலரும் கவனிக்கவில்லை.

உரிமையும் வசதியும்

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. ஏட்டளவில் உரிமை இருக்கிறது. ஆனால், அந்த உரிமையைப் பயன்படுத்தி ஒருவர் தம் கைபேசியின் இயங்குதளத்தை மாற்றிக்கொண்டால், வங்கிக் கணக்கின் வாயில் மூடிக்கொள்கிறது. பயன்படுத்தினால் தண்டனை கிட்டும் உரிமையை உரிமை என்று எங்ஙனம் அழைப்பது?

தனியார் நிறுவனங்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. 2025 நவம்பர் 28 அன்று, புதிய கைபேசிகள் அனைத்திலும் 'சஞ்சார் சாத்தி' செயலியை முன்கூட்டியே நிறுவவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. எதிர்ப்பு எழவே, டிசம்பர் 3 அன்று அதை விலக்கிக்கொண்டது. திணிக்கப்படும் செயலி இராது என்ற பாரோஸின் முதல் கோட்பாட்டை மேடையேறிப் பாராட்டிய அரசே, பின்னர் அதற்கு எதிர்த்திசையில் நடந்தது. நம் கைபேசியில் எது இருக்கவேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி, அரசுக்கும் சேர்த்தே எழுப்பப்பட வேண்டியது.

என் பரிந்துரைகள் நான்கு. முதலாவது, ஓய்வூதியம், குடும்ப அட்டை, வரி, சான்றிதழ் போன்ற எந்தப் பொதுச் சேவையும் செயலி வழியாக மட்டுமே கிடைப்பதாக இருக்கக் கூடாது. உலவியில் திறக்கும் இணையதளமும், நேரில் செல்லும் அலுவலகமும் தொடரவேண்டும். இரண்டாவது, வங்கிச் செயலிகள் கூகுளின் சான்றோடு வன்பொருள் சான்றையும் ஏற்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்த வேண்டும். மூன்றாவது, ஒரு செயலி கைபேசியை மறுத்தால், காரணத்தையும் மாற்றுவழியையும் பயனரின் மொழியில் அது சொல்லவேண்டும். நான்காவது, பாரோஸ் போன்ற முயற்சிகளை அரசு தன் அலுவலகங்களில் பரவலாகப் பயன்படுத்த வேண்டும். அரசு ஊழியரின் கைகளில் சில லட்சம் கைபேசிகள் சேர்ந்தால், ஜியோபோனில் நிகழ்ந்ததைப் போலச் செயலிகள் தாமே தேடி வரும்.

மாற நினைப்போர்க்கு

இத்தகைய இயங்குதளத்துக்கு மாற விரும்பும் வாசகர்கள் சிலவற்றை மனங்கொள்வது நன்று. வாங்குவதற்கு முன், தம் வங்கியின் செயலி குறிப்பிட்ட இயங்குதளத்தில் இயங்குகிறதா என்பதை ஏற்கெனவே பயன்படுத்துவோரிடம் கேட்டறிய வேண்டும். இன்று இயங்கும் செயலி அடுத்த புதுப்பித்தலில் மறுக்கக்கூடும் என்பதால், பழைய கைபேசியைச் சில மாதங்களாவது கைவிடாதிருப்பது நலம். யூபிஐ பதிவின்போது, கணக்கோடு இணைந்த சிம் அட்டை அதே கைபேசியில் இருந்து, குறுஞ்செய்தி அனுப்பும் அனுமதியும் தரப்பட வேண்டும். அது இன்றியமையாத சோதனை; அதைத் தனியுரிமை மீறலாகக் கருதி மறுத்தால் பதிவு நடவாது.

கூகுள் சேவைகள் தேவைப்படும் செயலிகளைத் தனியொரு பயனர் கணக்கில் வைத்து, ஏனையவற்றை அவற்றின் கண்படாமல் பிரித்து வைக்கலாம். தொடுகையின்றிக் கட்டணம் செலுத்தும் கூகுள் வாலெட் வசதி இயங்காது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

செயலியே வேண்டாதோர்க்கும் வழியுண்டு. *99# என்ற எண்ணை அழைத்து, இணையமின்றியே ஒருமுறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். சாதாரணக் கைபேசிக்கென 2022 மார்ச்சில் வந்த யூபிஐ 123பே சேவையில் இந்த வரம்பு 10,000 ரூபாய். ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றை, முக அடையாளச் செயலியை நம்பாமல், அஞ்சல்காரரை வீட்டுக்கு வரவழைத்தும் பதிவு செய்துகொள்ளலாம்.

இந்த மாற்றுவழிகளைப் பழமைவாதம் என்று எண்ணுவது தவறு. இங்குப் பௌர்ணமி இரவில் இளநீர் விற்பவர், கியூஆர் அட்டைக்குப் பக்கத்திலேயே சில்லறைப் பெட்டியையும் வைத்திருக்கிறார். இணைப்பு அறுந்தாலும் வணிகம் அறாதிருக்க அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒரே வழியை நம்பி வாழ்வது ஆபத்து என்பதை அவர் எந்தப் பொருளியல் நூலிலும் படிக்கவில்லை, பட்டறிவில் கற்றிருக்கிறார்.

தனியுரிமை இயங்குதளங்களைப் பயன்படுத்துவோர் இன்று மிகச் சிலரே. அச்சிலரின் இடர்ப்பாடு நமக்கென்ன என்று பெரும்பான்மையோர் நினைக்கலாம். ஆனால், விலகிச் செல்லும் வழி திறந்திருப்பதுதான், விலகாமல் இருப்போரையும் காக்கிறது. வாடிக்கையாளர் வேறிடம் செல்ல முடியும் என்ற நிலை இருக்கும் வரைதான் கடைக்காரர் எடையைச் சரியாக நிறுப்பார். கைபேசிச் சந்தையில் அந்தக் கதவு சிறுகச் சிறுக மூடப்பட்டு வருகிறது. அது முற்றிலும் மூடப்படுமுன், ரிசர்வ் வங்கியும் போட்டி ஆணையமும் மத்திய, மாநில அரசுகளும் விழித்துக்கொள்ள வேண்டும்.